கொட்டில் கழுவிய தண்ணீர்

மாட்டுக் கொட்டிலை நான் நாளுக்கு இரண்டு தரம் கழுவுகிறவள். விடியப் பால் கறப்பதற்கு முன் ஒருமுறை, பின்னேரம் கறந்த பிறகு ஒருமுறை. கண்டாவளையில் எங்கள் ஒழுங்கையில் மாடு வைத்திருக்கிற மற்றவர்கள் சாணியை அள்ளிவிட்டுத் தும்புத்தடியால் கூட்டுவதோடு சரி. எனக்கு அது போதாது. சீமெந்துத் தரையில் ஒரு விரலளவு சாணி காய்ந்து கிடந்தாலும் குசினியில் என்ன வேலை செய்தாலும் மனம் அந்த இடத்திலேயே நிற்கும். பால் சேகரிக்கும் நிலையத்தில் எங்கள் பாலை ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை என்பது எனக்கு ஒரு பெருமை. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது கேட்டிருந்தால், வேலியோரமாகப் போகிறது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாளின் வளவு. என் கணவரின் தங்கை அவள். ஒரே காணியை மாமா இரண்டாகப் பிரித்து இருவருக்கும் எழுதிக் கொடுத்தார். மேட்டுப் பக்கம் எங்களுக்கு, பள்ளத்துப் பக்கம் அவளுக்கு. கிணறு பள்ளத்தில் இருந்தது. நாங்கள் பிறகு குழாய்க்கிணறு அடித்துக்கொண்டோம். அவள் பழைய கிணற்றிலேயே அள்ளிக் குடித்தாள். புருசன் இல்லாதவள், ஆடுகள் வைத்திருக்கிறாள். ஒரேயொரு மகள் வவுனியாவில் கலியாணம் செய்து இருக்கிறாள்.

கிளிநொச்சியில் விவசாயம் படிப்பிக்கிற பல்கலைக்கழகப் பீடத்திலிருந்து ஒரு பிள்ளை தன் ஆராய்ச்சிக்காகக் கிணற்றுத் தண்ணீர் எடுக்க வந்தது வெயில் உச்சத்தில் நின்ற ஒரு மாதத்தில். ஒழுங்கை முழுக்கப் போத்தல்களில் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது மற்றவர்களுக்குப் படலையில் நின்றே சொல்லிவிட்டுப் போனவள், மச்சாளின் வீட்டில் கதிரை கேட்டு வாங்கி இருந்துகொண்டாள். என்னையும் கூப்பிட்டார்கள். மச்சாளின் கிணற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேலே இருக்கிறது என்றாள். சாணியும் மாட்டுச் சலமும் கலந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் அப்படி வரும். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வேலிக்கு மேலால் எங்கள் கொட்டில் கூரையைப் பார்த்தாள்.

"பெரியாக்களுக்கு உடனே ஒண்டும் செய்யாது, அன்ரி. கைக்குழந்தைக்குத்தான் பயம். இந்தத் தண்ணியிலை மாப்பால் கரைச்சுக் குடுத்தா இரத்தத்திலை காத்து ஏறாது. கொதிக்க வைச்சாலும் போகாது. வத்த வத்தக் கூடும்."

மச்சாளின் மகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். முதற் பிள்ளை. முதற் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். தைப்பொங்கல் முடியக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. மச்சாள் அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் என்னோடு சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை போன பிறகு வேலியடிக்கு வந்தாள். "மாட்டை வித்துப்போடுங்கோ எண்டு நான் கேக்கேல்லை, மச்சாள். மகளுக்கு இதைச் சொல்லாமலும் விடேலாது. சொல்லிப்போட்டன். தண்ணி சரிவந்தா வாறன் எண்டுறாள். வராட்டி அங்கையே பெறுவாளாம். பொங்கலுக்கிடையிலை ஒரு வழி பாருங்கோ." இவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டாள்.

கடையில் விற்கிற கான் தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாமே என்று என் கணவர் சொன்னார். குடிக்கக் கான் தண்ணீர், குளிக்கக் கிணற்றுத் தண்ணீர். படித்தவர்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வவுனியாவில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிற வீட்டிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு, இந்த வாளியைத் தொடாதே, அந்த வாளியைத் தொடு என்று சொல்ல மச்சாளுக்கு முடியாது. மகளின் மாமியார் வந்து பார்க்கிற வீடு.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொட்டிலைக் கழுவும்போது தண்ணீர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பல வருசமாகப் பார்த்த தண்ணீர்தான். இப்போது அது ஒரு இடத்துக்குப் போய்ச் சேருகிறது.

எங்களிடம் ஏற்கெனவே சாண வாயுக் கிடங்கு ஒன்று இருந்தது. ஒரு திட்டத்தில் கட்டித் தந்தது. சாணியைத் தண்ணீரில் கரைத்து ஒரு பக்கம் ஊற்றினால் வாயு குழாயால் குசினி அடுப்புக்கு வரும். மறுபக்கத்தால் கறுத்த கரைசல் வழியும். அந்தக் கரைசலும் கொட்டில் தண்ணீரோடு சேர்ந்து வேலியோரம்தான் போனது. அடுப்பு காலையில் நன்றாக எரியும், மத்தியானத்துக்குப் பிறகு சோர்ந்துவிடும். நான் பீடத்துப் பிள்ளைக்குப் போன் எடுத்து, இதை நிற்பாட்ட என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவள் அடுத்த கிழமையே வந்தாள். அவளுடைய ஆராய்ச்சியே அதுதானாம். நுண்பாசி. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத பாசி, தண்ணீரில் கரைந்த மாதிரி மிதக்கும். கழிவுத் தண்ணீரில் இருக்கிற சத்தை, கிணற்றுக்கு விசமாகப் போகிற அதே சத்தை, அது தின்று வளரும். வளர்ந்த பாசியை வடித்துச் சாணியோடு கிடங்குக்குள் விட்டால் வாயுவும் கூடும். மிஞ்சுகிற தண்ணீரைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் புல்லுக்குப் பாய்ச்சலாம்.

தாழ்வான, அகன்ற தொட்டி வேண்டும், வெயில் அடிவரை போக வேண்டும் என்றாள். என் கணவர் வயலில் கிணறு வெட்டவென்று வார்ப்பித்து, பிறகு வெட்டாமல் விட்ட கொங்கிறீற்று வளையங்கள் மூன்று பின்வளவில் கிடந்தன. ஆட்களைக் கூப்பிட்டு அவற்றை வேலியோரம் வரிசையாக வைத்து அடிக்குச் சீமெந்து போட்டோம். மூன்று கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

அந்தப் பிள்ளை விதைப்பாசியைத் தண்ணீர்க் கானில் கொண்டு வந்தாள். கடும் பச்சை. ஊற்றிவிட்டு என்னிடம் ஒரு துடுப்பைக் கொடுத்தாள். காலையும் மாலையும் கலக்க வேண்டும், கரைசலை நேரே விடாமல் தண்ணீர் சேர்த்து விட வேண்டும், இல்லாவிட்டால் காரம் தாங்காமல் பாசி செத்துவிடும். பச்சை எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்க, ஒரு வெள்ளைத் தேநீர்ச் சோசரைத் தடியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கச் சொன்னாள். விரல் நீளத்தில் சோசர் மறைந்தால் வடிக்கிற பதம்.

வாழ்நாள் முழுக்கப் பாசி தேய்த்தவள் நான். கிணற்றுக்கட்டு, தண்ணீர்த்தொட்டி, சாமியறைப் படி, மாடு குடிக்கிற தொட்டி, எங்கே பச்சை கண்டாலும் தேங்காய்த் தும்பை எடுத்துக்கொண்டு இருந்துவிடுவேன். அந்தக் கை இப்போது பாசிக்குத் துடுப்புப் போட்டது. முதற் கிழமை வளையத்தின் உட்சுவரில் வழுவழுவென்று படர்ந்ததைத் தேய்த்தும் விட்டேன். அது பரவாயில்லை அன்ரி, சுவரிலை ஒட்டுறது வேறை, மிதக்கிறதுதான் எங்கடை ஆள் என்று போனில் சிரித்தாள்.

மச்சாள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் தமையனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணை, உங்கடை மனுசி மாட்டுக்குப் புல்லுப் போட மறந்தாலும் பாசிக்குச் சாப்பாடு வைக்க மறக்கிறேல்லை." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவளுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. ஊத்தைத் தண்ணீரை இன்னும் பச்சையாக்கி வைத்துக்கொண்டு, இது சுத்தமாகிறது என்றால் யார் நம்புவது? எனக்கே பாதி நாட்களில் நம்பிக்கை வரவில்லை. நாட்குறிப்பில் ஒவ்வொரு மாலையும் சோசர் மறைந்த ஆழத்தையும், அடுப்பு எதுவரை எரிந்தது என்பதையும் எழுதினேன். எழுதி முடித்த பிறகும் எழும்பிப் போய் இன்னொருமுறை பார்ப்பேன்.

ஆனாலும் மாற்றம் வந்தது. புரட்டாதி கடைசியில் அடுப்பு பின்னேரத் தேநீருக்கும் நீலமாக எரிந்தது. பாசி வடித்த தண்ணீரை அந்தப் பிள்ளை எடுத்துச் சோதித்துவிட்டு, கொட்டிலிலிருந்து வருகிறதோடு பார்க்கும்போது பெரும்பகுதி போய்விட்டது என்றாள். கிணற்றில் தெரிய நாள் எடுக்கும், ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கினது மெதுவாகத்தான் கழியும் என்றும் சொன்னாள். மச்சாளுக்கு முதற் பாதியைச் சத்தமாகவும் மறு பாதியைச் சாதாரணமாகவும் சொன்னேன். அவள் வெள்ளை அடிக்கிற ஆளை மறுபடி வரச்சொன்னாள்.

கார்த்திகை மழைக்குள் பூநகரியில் ஒரு அந்தியேட்டி வந்தது. என் பெரியம்மாவின் காரியம், போகாமல் இருக்க முடியாது. அன்றிரவே திரும்பி வருவதாகத்தான் போனேன். மழை விடவில்லை. வழியில் வெள்ளம் குறுக்கறுத்து பஸ் ஓடவில்லை. குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று போனில் கேள்விப்பட்டேன். என் கணவர் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு கோயிலடி மேட்டுக்குப் போய் அங்கேயே படங்குக் கூடாரம் கட்டி இருந்தார். வீட்டில் ஆளில்லை. நான் பூநகரியில் ஒரு கதிரையில் இருக்கவும் முடியாமல், அந்த வீட்டுக் குசினியில் அவர்களுடைய பானை சட்டியெல்லாம் மினுக்கிக்கொண்டு கிடந்தேன்.

திரும்பி வந்த அன்று வெயில் எறித்தது. ஒழுங்கையில் சேறு. எங்கள் படலையைத் திறக்கும்போதே அந்த மணம் வந்தது. எங்கள் ஊரில் எவருக்கும் அந்த மணத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. யுத்தம் முடிய எங்களை வைத்திருந்த முகாமில் பவுசர் வண்டியில் வந்த தண்ணீரின் மணம். குளோரின்.

வெள்ளம் வளையங்களின் மேல்விளிம்பைத் தொடவில்லை, மழைத் தண்ணீர்தான் நிரம்பியிருந்தது. ஆனால் மூன்று வளையத்திலும் பச்சை இல்லை. தண்ணீர் தெளிந்து, அடியில் தேயிலைச் சக்கை நிறத்தில் ஏதோ படிந்து கிடந்தது. சோசரை இறக்கினேன். அடிச் சீமெந்து வரை தெரிந்தது. ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும்: அந்த ஒரு கணத்தில் என் கண்ணுக்கு அது அழகாக இருந்தது. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பாசி செத்துவிட்டது என்று உறைத்தது.

மச்சாள் கையில் மஞ்சள் இறப்பர் உறையோடு வேலி இடைவெளியால் வந்தாள். வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்குப் போடக் குளோரின் தூள் கொடுத்து, மாதர் சங்கத்தில் நாலு பேரை ஒழுங்கை ஒழுங்கையாக அனுப்பியிருந்தார்கள். அவள் அதில் ஒருத்தி. முகம் களைத்திருந்தது, ஆனால் சந்தோசமாக இருந்தாள்.

"உங்கடை மூண்டுக்கும் போட்டுவிட்டனான், மச்சாள். கிணத்துக்குப் போட்டதிலும் பாக்கக் கூடத்தான் போட்டது."

"இது கிணறு இல்லையே."

"கிணறு இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? தண்ணியைச் சுத்தமாக்கிற தொட்டியெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மருந்தும் தண்ணியைச் சுத்தமாக்கிறது. ரெண்டும் சேந்தா கெதியாச் சுத்தமாகும். பொங்கலுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்புக் குறைந்தது. அடியில் கிடந்த சேற்றில் இரண்டு வாளி அள்ளி, நான் செய்கிறதைப் போலவே கிடங்கின் வாயிலும் ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். நான் இல்லாத நேரத்தில் வேலை நின்றுவிடக்கூடாது என்று.

அவளுக்கு நான் என்ன சொல்வது? முகாமில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் வாளி வைத்துக்கொண்டு நின்றவர்கள். மணந்தால் நல்ல தண்ணீர், மணக்காவிட்டால் குடியாதே என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி எங்களுக்குள் இறக்கினார்கள். வாந்திபேதியில் போகாமல் நாங்கள் ஊர் திரும்பியது அந்த மணத்தால்தான். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிணற்றை இறைத்து அதையே போட்டோம். தண்ணீர் பச்சையாக இருந்தால் போட வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் போடாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

"பாசியும் ஒரு உயிர்தானே, மச்சாள். அது செத்துப்போச்சு," என்றேன்.

அவள் வளையத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கையுறையை மெல்லக் கழற்றினாள். "அப்ப நான்தானே என்ரை பிள்ளையை வராமப் பண்ணினது," என்றாள்.

அடுத்த நாள் அடுப்பு மஞ்சளாக எரிந்தது. அதற்கடுத்த நாள் பற்றவேயில்லை. கிடங்குக்குள் வாயுவை உண்டாக்குகிற உயிர்களுக்கும் மருந்து பட்டுவிட்டது. ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தேன். பீடத்துப் பிள்ளைக்கு எடுத்தால், அங்கேயும் வெள்ளம், மின்சாரம் இல்லாமல் ஆய்வுகூடத்துப் பாசியும் பழுதாகிவிட்டது என்றாள். கிடங்கு சாணியைப் புதிதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தானே தேறும். வளையத்துத் தண்ணீரை இறைத்துப் புல்லுப் பக்கம் விட்டுவிட்டு, வெயிலில் காயவிடுங்கோ, பிறகு பக்கத்தில் எங்கேயாவது பச்சை நிறத் தண்ணீர் இருந்தால் கொண்டுவந்து ஊற்றுங்கோ என்றாள். குளத்துத் தண்ணீர் வேண்டாம், அதில் நச்சுப் பாசியும் இருக்கலாம். மாடு ஆடு குடிக்கிற தொட்டித் தண்ணீர்தான் திறம். அவை நாளும் குடித்துச் சுகமாக நின்றால் பயமில்லை.

எங்கள் மாட்டுத் தொட்டியைப் போய்ப் பார்த்தேன். பீங்கான் கோப்பை மாதிரி வெள்ளையாக இருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனேன். வெள்ளம் எல்லாத் தொட்டியையும் கழுவிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியதையெல்லாம் மாதர் சங்கம் மருந்து போட்டு முடித்திருந்தது. நான் பச்சைத் தொட்டி இருக்கோ என்று கேட்ட வீடுகளில், இல்லை, நாங்கள் சுத்தமாத்தான் வைச்சிருக்கிறம் என்று ஒருமாதிரிப் பார்த்தார்கள். ஒரு பெண் தும்பை எடுத்துத் தொட்டியடிக்குப் போனதையும் கண்டேன். கொட்டில் தண்ணீர் அதற்கிடையில் மறுபடி சேரத் தொடங்கியது. என் கணவர், மாடுகளை உடையார்கட்டில் இருக்கிற தன் சித்தப்பா மகனிடம் கொண்டுபோய் விடலாம் என்றார். "நீர் இப்பிடி ஓடித்திரிஞ்சு விழுந்துபோகப் போறீர். மாட்டைவிட உம்மடை சுகம் பெரிசு," என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னேன்.

அன்று பின்னேரம் மச்சாள் வந்து என் கையைப் பிடித்துத் தன் வளவுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் பாதியாக வெட்டிய நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் ஒன்று கல்லடுக்கின் மேல் நின்றது. ஆடுகள் குடிக்கிறது. உள்ளே கடும் பச்சை. வருசக்கணக்கில் தேய்க்கவில்லை என்று தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் மருந்து போட்டுப்போட்டு, இதை மறந்திட்டன்," என்றாள். "நீங்கள் பாத்தா என்ன நினைப்பியள் எண்டுதான் முந்தியும் இஞ்சாலை கூட்டிக்கொண்டு வாறேல்லை. வெக்கமாக் கிடக்கு."

சோசரை இறக்கிப் பார்த்தேன். விரலின் இரண்டாம் கணுவில் மறைந்தது. அவ்வளவு தடித்த பச்சையை அந்தப் பிள்ளையின் கானில்கூட நான் காணவில்லை. இருவரும் வாளி வாளியாக வேலிக்கு மேலால் கை மாற்றினோம். ஆடுகள் கத்தின. அவற்றின் பங்குக்கு என் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். பரலின் அடியை மட்டும் தேய்க்கவில்லை. தேய்க்க என் கை எவ்வளவு துடித்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

பச்சை பிடிக்க மார்கழி முழுவதும் எடுத்தது. வானம் மூடிக் கிடந்தது, வெயில் போதவில்லை. இடைக்காலத்தில் கொட்டிலைக் கழுவுவதை நிற்பாட்டினேன். சாணியை மண்வெட்டியால் வழித்து, உமி தூவி, காய்ந்ததைக் கூட்டினேன். மடியை மட்டும் கழுவிப் பால் கறந்தேன். தண்ணீர் வாளியோடு கொட்டில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. பால் திரும்பி வரவில்லை. அத்தனை வருசம் ஊற்றிய தண்ணீரில் பாதி தேவையே இல்லாதது என்பது அப்போதுதான் விளங்கியது.

பொங்கல் வந்தது. அடுப்பு பழையபடி நீலமாக எரிந்தது, ஆனால் பொங்கலை எல்லோரையும் போல முற்றத்தில் விறகில்தான் பொங்கினோம். பீடத்துப் பிள்ளை வந்து மச்சாளின் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். முடிவு வருகிற வரை மச்சாள் எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தரம் வந்தாள். வந்து ஒன்றும் கேட்காமல் திரும்பினாள். நானும் போனைக் குசினியிலிருந்து கொட்டிலுக்கும் கொட்டிலிலிருந்து வளையத்தடிக்கும் காவிக்கொண்டு திரிந்தேன்.

முடிவு குறைந்து வந்தது. போதியளவு குறையவில்லை. குறைந்தது எங்கள் வேலையாலா, மாரி மழை கிணற்றுக்குள் கலந்ததாலா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை நேர்மையானவள். இப்போது சொல்ல முடியாது அன்ரி, வெயில் காலத்தில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள்.

மகள் போனில் தாயோடு அழுதாள். வரவில்லை என்றாள். வயிற்றில் இருக்கிறதை வைத்துக்கொண்டு பரீட்சை பார்க்கேலாது அம்மா என்றாளாம். மச்சாள் அதை அப்படியே என்னிடம் சொன்னபோது, மாடுகளைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். வண்டிக்கு ஆளும் பார்த்து வைத்திருந்தேன்.

"மாடு போனாப்போலை மண்ணுக்கை கிடக்கிறது போகுமோ?" என்றாள். "மாடு போனா வளையத்துக்கு என்னத்தைக் குடுக்கிறது? புல்லுக்கு என்னத்தைப் பாய்ச்சிறது? சும்மா இருங்கோ. அவள் வராட்டி நான் போறன்."

மகளின் வீட்டில் தாய் போய்ப் பேறு பார்ப்பதா என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். அவள் அந்த வீட்டில் சம்பந்தியாக ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வந்தவளே தவிர, தங்கியவள் இல்லை. ஊர் திரும்பிய நாளிலிருந்து ஒரு இரவுகூட இந்த வளவை விட்டு வெளியே படுத்ததில்லை. பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்குத் தூள் இடிக்க வேண்டும். மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் என் அடுப்பில்தான் வறுத்தோம். மெல்லிய நெருப்பு, கருகவிடாமல் வறுக்க நல்லது. பாசி நெருப்பு என்று அவள் பெயர் வைத்தாள். போகிற அன்று ஆடுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எது முட்டும், எது குழை தின்னாது என்று சொல்லிவிட்டு, வெள்ளை அடித்த அறையைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தாள்.

மாசி நடுவில் பெண் பிள்ளை பிறந்தது. சுகப் பிரசவம். என் கணவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். நான் அன்று முழுவதும் ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பாலைப் பொங்கி வழியவிட்டேன், துடுப்பை எங்கோ வைத்துவிட்டுத் தேடினேன்.

சில நாட்கள் கழித்து மச்சாள் போன் எடுத்தாள். நான் வளையத்தடியில் நின்றேன். பிள்ளை யாரைப் போல, எவ்வளவு நேரம் தூங்குகிறது, சம்பந்தி குசினியில் உப்பை எங்கே வைக்கிறா என்று எல்லாம் சொன்னாள். அங்கே ஒரு கதவுக்குப் பின்னால் நின்று கதைக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"முப்பத்தொண்டு நாள் கழிய ஒருக்கால் கூட்டிக்கொண்டு வரட்டோ? அவளும் ஓம் எண்டுறாள். நீங்கள் சரி எண்டு சொன்னா வருவம் எண்டுறாள்."

முதல் நாள்தான் பீடத்துப் பிள்ளை மறுபடி எடுத்த தண்ணீரின் முடிவைச் சொல்லியிருந்தாள். மழை விட்ட பிறகு எடுத்தது. கூடவில்லை, அதுவே நல்ல அடையாளம் என்றாள். ஆனால் கைக்குழந்தைக்குச் சரியென்று எழுதித் தரமாட்டேன் என்றாள். தாய்ப்பால்தானே குடிக்கிறது, கான் தண்ணீர் வைக்கலாமே என்றும் எனக்குள் ஓடியது. ஓம் என்ற ஒரு சொல்லால் எனக்கு எல்லாம் இலேசாகியிருக்கும். பூட்டிய அறை திறபடும். ஒழுங்கை வாயை மூடும்.

"இப்ப வேண்டாம், மச்சாள்," என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கியது கேட்டது. அவள் அதைத் தட்டித் தூங்கவைக்கிற சத்தமும் கேட்டது.

"அப்ப எப்ப?"

"சிறுபோக நெல்லு வெட்டிற நேரம் ஒருக்கால் எடுத்துப் பாப்பம். அப்ப வெயில். அப்ப குறைஞ்சிருந்தா உண்மையாக் குறைஞ்சதுதான்."

"அதுக்கிடையிலை இவள் தவழத் தொடங்கிவிடுவாள்."

"ஓம்."

"நீங்கள் சரியெண்டு சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியப்போகுது?"

"சொல்லியிருந்தா கூட்டிக்கொண்டு வந்திருப்பியள்."

"ஓம், வந்திருப்பன்," என்றாள். அவள் போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"ஆட்டுக்குத் தண்ணி வைச்சியளோ?" என்று கேட்டாள்.

வைக்கவில்லை. வைத்துவிட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இப்போது வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வேலி இடைவெளியால் அந்தப் பக்கம் போனேன்.